பதினாறு கிலோவாட்

வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு அளவு சொல்ல வந்த மயூரதன் எதையும் அளக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்தான், உளுந்துவடை சாப்பிட்டான், யன்னலூடாகத் தெரிந்த வைலே ஃபியோர்டின் கடல்நீரைப் பார்த்து "நல்ல வியூ அன்ரி" என்றான். பிறகு மடிக்கணினியைத் திறந்து நாலு தட்டுத் தட்டிவிட்டு, "உங்களுக்குப் பதினாறு கிலோவாட் சரியா இருக்கும்" என்றான்.

ஞானேஸ்வரிக்கு அப்போதே ஏதோ உறுத்தியது.

"மேலை அறையள் பாக்கேல்லையே தம்பி?"

"தேவையில்லை அன்ரி. உந்த மாதிரி வீடுகள் எத்தினை செய்திட்டன். எங்கடை ஆக்களுக்குக் குளிர் கூட. சின்னனைப் பூட்டிப்போட்டு ஜனவரியிலை நடுங்கிறதிலும் பாக்கப் பெரிசாப் பூட்டுறது நல்லம்."

கணவர் குணசேகரம் தலையாட்டினார். அவருக்கு மயூரதனைக் குழந்தையாக இருந்தபோதே தெரியும். மயூரதனின் தாய் அருள்நாயகி கோல்டிங்கில் இருப்பவள். இலங்கையிலிருந்து டென்மார்க்குக்கு வந்த புதிதில் இரு குடும்பங்களும் ஒரே அகதி முகாமில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தவை. அந்தப் பிள்ளை இன்று வெள்ளைச் சட்டையும் கம்பனி அடையாள அட்டையுமாக வந்து உட்கார்ந்திருப்பது குணசேகரத்துக்குச் சொந்த மகன் வந்து உட்கார்ந்ததைப் போலிருந்தது.

மலைச்சரிவில் இருந்த அவர்களுடைய தெருவுக்கு வீடுகளைச் சூடாக்கும் நகரத்தின் வெந்நீர்க் குழாய் வராது என்று கொம்யூன் எனும் நகரசபை முடிவாகச் சொல்லியிருந்தது. எரிவாயுக் கொதிகலனுக்கும் வயதாகிவிட்டது. ஹீட் பம்ப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. யாரிடம் பூட்டுவது என்பதுதான் கேள்வி. அதற்கும் மயூரதன் வந்து உட்கார்ந்ததோடு பதில் கிடைத்துவிட்டது.

அவன் போன பிறகு ஞானேஸ்வரி சொன்னாள்: "ஒரு யன்னலைக்கூட நிமிர்ந்து பாக்கேல்லையே. பிறகென்னண்டு அளவு தெரியும்?"

"அருள்நாயகியின்ரை பெடியன் எங்களை ஏமாத்துவானே? நீர் சும்மா இரும்."

அவள் சும்மா இருந்தாள். அன்றைக்கு.

பம்ப் ஐப்பசிக் குளிரோடு வந்து சேர்ந்தது. வீட்டின் பக்கச் சுவரோடு, அலுமாரி அளவு சாம்பல்நிறப் பெட்டி ஒன்று நின்றது. முதல் வாரம் குணசேகரம் வேலையால் வந்ததும் அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். புதுக் காரைப் பார்ப்பது போல.

பிறகு அது தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. உறுமிக்கொண்டு தொடங்கும். ரேடியேட்டர்கள் மளமளவென்று சூடேறும். அவை சூடாகி முடிவதற்குள் பெட்டி நின்றுவிடும். வீடு ஆறும். திரும்பவும் உறுமும். வெளியே கடுங்குளிர் இல்லாத, மழையும் காற்றுமான நாட்களில் இது இன்னும் மோசம். ஒரு தேநீர் ஊற்றிக் குடித்து முடிப்பதற்குள் அது தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கிவிடும். வரவேற்பறையில் சுவெட்டரைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்கள். மின்சாரக் கட்டணமோ பழைய கொதிகலனை நினைத்து ஏங்கும்படி ஏறியது.

ஞானேஸ்வரி கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒரு திருத்துநர் வந்தான். உயரமான, மரியாதையான டேனிஷ்காரன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பெட்டியின் மூடியைத் திறக்கவில்லை. சுவரிலிருந்த வெப்பக் கட்டுப்பாட்டுக் குமிழைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"சூடான நாடுகளிலிருந்து வருபவர்கள் இதை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். அது இயந்திரத்துக்கு நல்லதல்ல" என்றான் டேனிஷில்.

"நான் அதைத் தொடுவதேயில்லை. பூட்டிய அன்று வைத்தது அப்படியே இருக்கிறது."

அவன் புன்னகைத்தான்.

அந்தப் புன்னகை ஞானேஸ்வரிக்குத் தெரியும். வைலேயில் ஒரு முதியோர் இல்லத்தில் பல ஆண்டுகளாகப் பராமரிப்பு வேலை செய்பவள் அவள். மறதி நோய் வந்த ஒரு பாட்டி "நான் காலையுணவு சாப்பிடவில்லை" என்று அடித்துச் சொல்லும்போது, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இப்படித்தான் புன்னகைப்பார்கள். சொல்வதைக் கேட்கத் தேவையில்லை, ஆளைச் சமாளித்தால் போதும் என்ற புன்னகை. இங்கே அப்படிச் சிரிக்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைகளை அவள் கண்டித்திருக்கிறாள். இன்று அது அவளுடைய வீட்டுக்குள்ளேயே, அவளைப் பார்த்து வந்திருக்கிறது.

அவன் போனதும் குணசேகரத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"நான் தொடேல்லை எண்டு சொல்லுறன், அவன் சிரிக்கிறான்."

"பொறும். தம்பி மயூரதனிட்டைச் சொல்லிப் பாப்பம்."

மயூரதனிடம் சொன்னார்கள். "புது மெசின் அங்கிள், ஒரு குளிர்காலம் ஓடினாப் பிறகு பழகிடும்" என்றான். சப்பாத்துத்தான் போடப்போடப் பழகும், மெசினும் பழகுமா என்று ஞானேஸ்வரி கேட்டாள்.

பக்கத்து வீட்டில் பியாட்ட என்றொரு ஓய்வுபெற்ற ஆசிரியை இருந்தாள். இரண்டு வீடுகளும் ஒரே கட்டடக்காரர் ஒரே ஆண்டில் கட்டியவை. செங்கல், கூரை, அறைகள் எல்லாம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் யன்னல்களை மாற்றியபோதுகூட இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே ஆளைப் பிடித்து மாற்றினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பியாட்ட வேலிக்கு அப்பாலிருந்து தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள். "உங்களைக் குறை சொல்வதாக நினைக்காதே. உங்களுடைய பம்ப் தொடங்கும் சத்தம் என் படுக்கையறைக்குக் கேட்கிறது. அடிக்கடி தொடங்குகிறது."

ஞானேஸ்வரி மன்னிப்புக் கேட்டாள். நிறுத்த முடிந்தால் தானே நிறுத்திவிடுவேன் என்றாள்.

"என்னுடையதும் அதே கம்பனிதான்" என்றாள் பியாட்ட. "தை மாதக் கடைசியில் பூட்டினார்கள். சத்தமே இல்லை. வந்து பார்."

ஞானேஸ்வரி போய்ப் பார்த்தாள். அதே நிறப் பெட்டி, ஆனால் பாதி அளவு. விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அங்கே நின்ற நேரம் முழுக்க அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. வீட்டுக்குள் ஒரே சீரான இளஞ்சூடு.

"இது எத்தனை கிலோவாட்?"

"ஏழு."

"எனக்குப் பதினாறு தந்தார்கள்."

பியாட்ட மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவளைப் பார்த்தாள். "பதினாறா? அந்த இன்ஜினியர் எதை வைத்துக் கணக்குப் போட்டார்?"

"எந்த இன்ஜினியர்?"

அதற்குப் பிறகு பியாட்ட சொன்னதையெல்லாம் ஞானேஸ்வரி அங்கேயே நின்று கேட்டாள். பியாட்ட வீட்டுக்கு ஒரு பெண் இன்ஜினியர் வந்து அரைநாள் நின்றிருக்கிறாள். ஒவ்வொரு யன்னலையும் அளந்திருக்கிறாள். பரணில் ஏறி, குளிரைத் தடுக்கும் கூரைப் பஞ்சு எவ்வளவு தடிப்பு என்று பார்த்திருக்கிறாள். சுவரில் சின்னத் துளை போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறாள். ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாக அளந்திருக்கிறாள். போன வருடங்களில் எவ்வளவு எரிவாயு எரிந்தது என்று கேட்டு, தன் கணக்கோடு ஒப்பிட்டிருக்கிறாள். வருடத்தின் மிகக் குளிரான நாளில் இந்த வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்பதைக் கண்டுபிடித்து, அதற்கேற்ற பம்பைச் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் பெரிதாகப் போடக்கூடாது என்று கேட்டேன்" என்றாள் பியாட்ட. "பெரியது தன்னை ஓரளவுக்கு மேல் சுருக்கிக்கொள்ள முடியாதாம். அதனால் தொடங்கும், நிற்கும், தொடங்கும். மின்சாரமும் வீண், இயந்திரமும் சீக்கிரம் போய்விடும் என்றாள். இதை உங்களுக்குச் சொல்லவில்லையா?"

ஞானேஸ்வரி ஒரு சுண்டு அரிசி வேகவைக்கக் கல்யாணக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றிய ஒருத்தியை நினைத்துக்கொண்டாள். அந்த ஒருத்தி தான்தான் என்பது பிறகு உறைத்தது. ஆனால் கிடாரத்தைத் தேர்ந்தெடுத்தது அவளில்லையே.

"இல்லை" என்றாள். "எனக்கு ஒருவரும் சொல்லவில்லை."

கோபம் அவளுக்கு உடனே வரவில்லை. வீட்டுக்குள் வந்து கைகழுவும்போதுதான் வந்தது. ஒரே கம்பனி. ஒரே தெரு. அச்சில் வார்த்த மாதிரி ஒரே வீடு. அங்கே அரைநாள் நின்று சுவருக்குள்ளும் பார்த்தவர்கள் இங்கே மாடிப்படி ஏறவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் விபோர்க்குக்குப் போனார்கள். குணசேகரத்தோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற சூசைப்பிள்ளை அங்கே, நகரத்துக்கு வெளியே, ஒரு பழைய பண்ணைவீட்டை வாங்கிக்கொண்டு மனைவி பற்றிமாவோடு இருந்தார். பெரிய தோட்டம் வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. வீடு நூறு வருடப் பழசு, உயரமான கூரை, வெறும் செங்கல் சுவர்.

முற்றத்தில் காரை நிறுத்தியதும் ஞானேஸ்வரி கண்டாள். அதே பெட்டி. அதே அலுமாரி அளவு. அதே சாம்பல்நிறம். ஆனால் இது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, மூச்சு வாங்குவது போல.

உள்ளே பற்றிமா குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டபடி சாய்வுக் கதிரையில் இருந்தாள். மடியில் கம்பளி, கையில் கையுறை. மூட்டுவாதக்காரி. ஞானேஸ்வரி கையுறையைக் கழற்றிக் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் வீங்கி, குளிர்ந்து, விறைத்துப்போயிருந்தன. வேலை செய்யும் இடத்தில் ஒருவரின் கை இப்படியிருந்தால் அவள் உடனே தாதியைக் கூப்பிட்டிருப்பாள்.

"என்னக்கா இது? வீட்டுக்குள்ளையும் ஜாக்கெட்டோடை?"

பற்றிமா சிரித்தாள். "பழகிட்டுது பிள்ளை."

"ஹீட் பம்ப் வேலை செய்யேல்லையே?"

சூசைப்பிள்ளை முந்திக்கொண்டு பதில் சொன்னார். "வேலை செய்யுது. தம்பி மயூரதன்தான் பூட்டித் தந்தவன், நல்ல பெடியன். வீடு கொஞ்சம் பெரிசுதானே, அதுதான் சூடு காணேல்லை. உள்ளுக்குள்ளை ஒரு மின்சாரக் கம்பி கிடக்காம், அதுவும் சேந்து முழுநாளும் எரியுது. எண்டாலும் காணேல்லை."

"எத்தினை கிலோவாட்?"

"பதினாறு எண்டவன்."

"இந்த வீட்டை அளந்தவனோ?"

சூசைப்பிள்ளை குணசேகரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பதில் இருந்தது.

ஞானேஸ்வரிக்குக் குரல் ஏறியது. "அண்ணை, எங்கடை வீட்டுக்கும் பதினாறு. நாங்கள் புது யன்னல், பரண் முழுக்கப் பஞ்சு, உங்கடையிலை அரைவாசி வீடு. அங்கை கூடிப்போச்சு, இஞ்சை காணேல்லை. ஒரே சட்டையை எல்லாருக்கும் கொழுவி விட்டிருக்கிறான். நீங்கள் ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா அவன்ரை பேர் கெடும் பிள்ளை. அருள்நாயகி எவ்வளவு கஷ்டப்பட்டு வளத்தவள். எங்கடை பெடியன் ஒருத்தன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் போறான். அதை நாங்களே கெடுக்கிறதே?"

"அதுக்காக இவ விறைச்சுச் சாகிறதே?"

குணசேகரம் "ஞானம்" என்றார் தாழ்ந்த குரலில். அவள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அதற்குமேல் பேசவில்லை. பற்றிமா மட்டும் கையுறையைத் திரும்பப் போடாமல், ஞானேஸ்வரியின் கைக்குள்ளேயே தன் கையை வைத்திருந்தாள்.

மயூரதனை அங்கேயே வரச்சொன்னாள் ஞானேஸ்வரி. தொலைபேசியில் காரணம் சொல்லவில்லை. விபோர்க்கில் சூசை அங்கிள் வீட்டில் நிற்கிறோம், நீயும் நாளைக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று மட்டும் சொன்னாள். அவர்கள் அன்றிரவு அங்கேயே தங்கினார்கள். படுக்கையில் குணசேகரம் சுவெட்டரோடு படுத்தார். அதன் பிறகு மயூரதனுக்காகப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் மயூரதன் வந்தான். வழக்கம்போல வாசலில் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தான். பற்றிமா ஜாக்கெட்டோடு இருப்பதைக் கண்டு கண்ணை யன்னல் பக்கம் திருப்பினான்.

ஞானேஸ்வரி சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். கறி தட்டிலேயே நெய்கட்டி உறைந்தது. சாப்பிட்டு முடிந்தும் அவனை எழும்ப விடவில்லை. தேநீர் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று நேரம் எடுத்தாள். அவள் திரும்பி வந்தபோது அவன் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு இருந்தான்.

"அன்ரி, என்ரை ஜாக்கெட்டை ஒருக்கா எடுக்கட்டே?"

"இரு தம்பி. வீட்டுக்குள்ளைதானே இருக்கிறாய். நீ பூட்டின பம்ப் ஓடுது."

அவன் தலையைக் குனிந்தான்.

"எங்கடை பக்கத்து வீட்டு மனிசிக்கு உங்கடை கம்பனி ஏழு கிலோவாட் குடுத்திருக்கு. இன்ஜினியர் வந்து அரைநாள் நிண்டு அளந்தவவாம். எங்களை ஏன் அளக்கேல்லை?"

அவன் தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு சொன்னான்.

"டேனிஷ்காரற்றை வீட்டுக்கு இன்ஜினியர் போவா அன்ரி. வெளிநாட்டு ஆக்களின்ரை வீட்டுக்கு என்னை மாதிரி ஆக்கள். எனக்கு அளக்கப் பழக்கேல்லை. பதினாறைக் குடு, சூடான நாட்டு ஆக்கள், சூடு கூடக் கூடச் சந்தோசப்படுவினம், திரும்பி வந்து ஒண்டும் கேக்க மாட்டினம் எண்டு சொன்னவை. அந்தச் சைஸ்தான் கம்பனியிலை நிறையக் கிடந்தது."

"நீ கேட்டனியே, ஏன் இப்பிடி எண்டு?"

"கேட்டா வேலை இருக்காது."

"எங்களிட்டையாவது சொல்லியிருக்கலாமே."

அவன் நிமிர்ந்தான். அவனுக்கும் கோபம் வந்திருந்தது. "நீங்களும் கேக்கேல்லையே அன்ரி. டேனிஷ்காரர் கேள்வி கேப்பினம். என்ன கணக்கு, எங்கை காட்டு எண்டு துளைப்பினம். எங்கடை ஆக்கள் தேத்தண்ணி தருவினம். வடை தருவினம். அம்மா சுகமோ எண்டு கேப்பினம்."

ஞானேஸ்வரிக்கு முகத்தில் அடித்ததைப் போலிருந்தது. அப்போதுதான் சூசைப்பிள்ளை, அதுவரை கம்பளியை மனைவியின் காலில் செருகிக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்:

"உன்னை நம்பினதாலை கேக்கேல்லை தம்பி. அது எங்கடை பிழையெண்டு சொல்லாதை."

மயூரதன் அழுதான். அவன் அழுவதைப் பார்த்து ஞானேஸ்வரிக்கு இரக்கம் வந்தது உண்மை. ஆனால் கோபம் தணியவில்லை. கோபம் அவனைத் தாண்டி அப்பால் போயிருந்தது.

கம்பனியின் கடை வைலேக்கு வெளியே, பெருஞ்சாலை ஓரமாக இருந்தது. ஞானேஸ்வரி, குணசேகரம், சூசைப்பிள்ளை மூவரும் போனார்கள். மயூரதன் வரவில்லை. வருவான் என்று அவர்கள் எதிர்பார்க்கவுமில்லை.

முகாமையாளர் கோப்பி கொடுத்தார். கேக் கொடுத்தார். ஞானேஸ்வரி இரண்டையும் தொடவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள், பியாட்ட வீட்டையும் சொன்னாள். முகாமையாளர் கையைக் கோத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"இரண்டு இயந்திரமும் பழுதில்லாமல் ஓடுகின்றன. எங்கள் பக்கத்தில் பிழை எதுவும் தெரியவில்லை."

"பிழை இயந்திரத்தில் இல்லை. அளவில். நீங்கள் அளக்கவில்லை."

"விற்பனையாளர் தன் அனுபவத்தை வைத்துச் சொல்லியிருப்பார்."

"பக்கத்து வீட்டுக்கு ஏன் அனுபவம் போதவில்லை? அங்கே ஏன் இன்ஜினியர் போனார்?"

அவர் கொஞ்சம் சிரித்தார். அதே புன்னகை. "பாருங்கள், நீங்கள் சூடான நாட்டிலிருந்து வந்தவர்கள். உங்களுடைய வசதியை நினைத்துத்தான் கொஞ்சம் தாராளமாக..."

"சூடான நாடா?"

கேட்டது குணசேகரம். மூவரும் திரும்பினார்கள். உள்ளே வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவருடைய டேனிஷ் தொழிற்சாலை டேனிஷ், அந்தப் பக்கத்து யூட்லாந்துக்காரரின் இழுவையோடு வரும். கதிரையை விட்டு எழும்பியிருந்தார்.

"நான் இங்கே முப்பது குளிர்காலத்துக்கு மேல் வேலைக்குச் சைக்கிளில் போயிருக்கிறேன். நீ பள்ளிக்கூடம் போகும்போது நான் உங்கள் தெருப் பனியில் வழுக்கி விழுந்து கை முறித்தேன். என்னைச் சூடான நாட்டுக்காரன் என்று சொல்லாதே. நான் வைலேக்காரன். என்னுடைய வீடும் வைலேயில்தான் இருக்கிறது. அதன் சுவருக்கு நான் எங்கே பிறந்தேன் என்று தெரியாது."

பிறகு உட்கார்ந்தார். ஞானேஸ்வரி மேசைக்குக் கீழே அவருடைய முழங்காலில் கையை வைத்தாள்.

முகாமையாளரின் புன்னகை போய்விட்டது. ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. அளப்பது தனியான சேவை, விரும்பினால் இப்போது பதிவு செய்யலாம் என்றார். அதைக் கேட்டதும் ஞானேஸ்வரி எழும்பினாள்.

"செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதையே எனக்கு இன்னொரு தடவை விற்கப் பார்க்கிறீர்கள்" என்றாள். "நாங்கள் வேறு இடத்தில் பேசிக்கொள்கிறோம்."

வேறு இடம் என்பது நுகர்வோர் முறைப்பாட்டுச் சபை. விசாரணை மாதக்கணக்கில் இழுபட்டது. அதற்கிடையில் அந்தக் கம்பனியோடு தொடர்பில்லாத ஓர் ஆலோசகரைப் பிடித்தார்கள். அந்த மனிதர் ஞானேஸ்வரியின் வீட்டில் ஒரு பகல் முழுவதும் நின்றார். அவர் பரணில் ஏறியபோது அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள், அவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டாள். குளியலறை யன்னலை அவர் தவறவிட்டதைக்கூடச் சுட்டிக் காட்டி அளக்க வைத்தாள். கடைசியில் அவர் சொன்ன அளவு ஏழு.

சூசைப்பிள்ளையின் வீட்டில் அவர் சொன்னது வேறு. இந்த வீட்டுக்கு இன்னும் பெரிய பம்பைத் தேடாதீர்கள் என்றார். கூரைக்குக் கீழே பஞ்சு போடுங்கள், சுவர்களுக்கு உட்பக்கமாக மறைப்பு அடியுங்கள், கீழ்மாடியில் இரண்டு ரேடியேட்டரைப் பெரிதாக்குங்கள். வெப்பம் வெளியே ஓடுவதை நிறுத்தினால் இப்போது நிற்கும் பதினாறே தாராளம். சூசைப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டுப் பரண் வாசலை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப வந்த அண்டைக்கே ஆராவது ஒருத்தர் அந்தப் பரணிலை ஏறிப் பாத்திருந்தா," என்றார், "இவள் ஒரு குளிர்காலம் முழுக்க ஜாக்கெட்டோடை இருந்திருக்கத் தேவையில்லை."

சபை அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பனி ஞானேஸ்வரி வீட்டுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய், ஏழு கிலோவாட் பம்பைப் பூட்டியது. சூசைப்பிள்ளை வீட்டில் பஞ்சு போடும் வேலையில் ஒரு பங்கையும் ஏற்றது. பூட்ட வந்தவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஒருவர்கூட மன்னிக்கவும் என்று சொல்லவில்லை. ஒரு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது என்று முகாமையாளர் தொலைபேசியில் சொன்னார். யார் எதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று ஞானேஸ்வரி கேட்டாள். அவருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

மயூரதனுக்கு வேலை போய்விட்டது. விற்பனையாளர் விதிமுறையைப் பின்பற்றவில்லை என்று சபைக்குக் கம்பனி சொல்லியிருந்தது. அப்படியொரு விதிமுறை இருப்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. இப்போது அவன் ஒரு பொருட்கிடங்கில் வேலை செய்வதாகக் கேள்வி.

அந்தச் செய்தி அங்குள்ள தமிழருக்குள் வேறு விதமாகப் பரவியது. ஞானேஸ்வரி ஒரு பெடியனின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். வீட்டுக்குள் குளிர்ந்தால் ஒரு சுவெட்டரைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம் என்றார்கள். இதைச் சொன்னவர்களில் இரண்டு பேர் வீட்டுச் சுவரோரம் அதே சாம்பல்நிறப் பெட்டி நிற்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த வருடம் வைகாசியில் கோயில் அன்னதானத்துக்கு உதவப் போனபோது, சமையற்கூடத்தில் அருள்நாயகி பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் தங்கள் வேலையில் தலையைக் குனிந்தார்கள். அருள்நாயகி கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்:

"உன்ரை வீடு இப்ப நல்லாச் சூடாயிருக்குதாம். இனியென்ன, சந்தோசம்தானே?"

ஞானேஸ்வரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அழக்கூடாது என்று நினைத்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"வீடு சூடாகிட்டுது அக்கா. எனக்குத்தான் இன்னும் ஆறேல்லை. அவை என்னட்டை மன்னிப்புக் கேக்கேல்லை. பற்றிமா அக்காவிட்டைக் கேக்கேல்லை. உங்கடை மகனுக்கு ஒண்டும் பழக்காமல், எங்கடை வீடுகளுக்குள்ளை அனுப்பிப்போட்டு, கடைசியிலை எல்லாப் பழியையும் அவன்ரை தலையிலை போட்டுட்டு நிக்கினம். அவனிட்டையும் ஒருத்தரும் கேக்கேல்லை. அதுக்கு நீங்கள் கோவிச்சிருக்க வேணும் அக்கா. என்னிலை இல்லை."

அருள்நாயகியின் கத்தி நின்றது. அவள் பூசணித் துண்டுகளை வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது, யாரோ ஓடிப்போய் மூடியைத் தூக்கினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அருள்நாயகி வாங்கில் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"தீர்ப்புச் சொன்ன அந்தச் சபைக்கு," என்றாள், முகத்தை நிமிர்த்தாமல், "வேலையாலை நிப்பாட்டினதையும் சொல்லலாமோ?"

"அது தொழிற்சங்கத்திட்டைப் போகவேணும் அக்கா" என்றாள் ஞானேஸ்வரி. இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். "திங்கக்கிழமை எனக்கு லீவு. நான் வாறன்."